மேற்கே தாழ்ந்த பந்தல்

முதல் பந்தலைப் போட்டு முடித்த அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில் நேரே கண்ணில் அடித்தது. நிழல் எங்கே என்று பார்த்தால், முழுசாகக் கிணற்றடியில் போய்க் கிடந்தது. காப்பி கொண்டு வந்த வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. கிணத்துக்கு இனி வேர்க்காது."

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், ராஜாக்கமங்கலத்துக்கும் முட்டத்துக்கும் நடுவே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. வாசல் தெற்கே. அடுக்களையும் கிணறும் துவைகல்லும் வடக்கே, பின்முற்றத்தில். மேற்கு வேலியோரம் நாலு தென்னை நின்ற காலத்தில் பந்தல் என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது அதில் மூன்று வேரோடு சாய்ந்தன. நாலாவது மண்டை முறிந்து வெறும் கம்பமாக நின்றது. ரப்பரும் வாழையும் போனவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கும்போது மூன்று தென்னைக்கு யாரும் அழவில்லை. ஆனால் அடுத்த மாசி பிறந்ததும் தெரிந்துவிட்டது, பின்முற்றத்தின் நிழல் முழுக்க அந்த மரங்களோடு போயிருக்கிறது என்று. மதியம் ஒரு மணிக்கு மேல் அம்மாவால் அங்கே மீன் நறுக்க உட்கார முடியவில்லை. புதுத் தென்னம்பிள்ளை வைத்தோம், அது நிழல் தர வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் ஒரு பந்தல்.

முதல் பந்தலின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை அங்குலச் சதுரப் பைப்பில் நாலு கால், ஒன்பதடி உயரம், மேலே தட்டையாகச் சட்டம். கிழக்கு மேற்கில் 12 அடி, தெற்கு வடக்கில் 15 அடி. நர்சரிக்குப் போடுகிற, வெயிலில் 90 சதவீதத்தை மறைக்கும் பச்சை வலையை ஓரத்து வளையங்களில் கம்பி கோத்து இழுத்துக் கட்டியிருந்தேன். உயரமாக இருந்தால் காற்றோட்டம் வரும் என்பது என் எண்ணம். காற்றோட்டம் வந்தது உண்மை. நிழல்தான் வரவில்லை.

சூரியனைப் பற்றி நான் கணக்குப் போட்டதே அன்றைக்கு ராத்திரிதான். சித்திரை பிறக்கும் சமயம் நம் ஊரில் உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, பன்னிரண்டு இருபது வாக்கில். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறோம், நாம் அந்த நேரக்கோட்டுக்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருக்கிறோம், அதனால் இருபது நிமிஷம் தாமதம். உச்சியில் நிழல் பந்தலுக்கு நேர் கீழே விழும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போகிற நாள் ஒன்று கூட உண்டு. மூன்று மணிக்கு சூரியன் தரையிலிருந்து ஐம்பது பாகையில் நிற்கும்; ஒன்பதடிப் பந்தலின் நிழல் ஏழரை அடி கிழக்கே நகர்ந்திருக்கும். நாலு மணிக்கு முப்பத்தைந்து பாகை. நிழல் 13 அடி தள்ளி. என் பந்தலின் அகலமோ 12 அடி. கிணற்றுக்கு வேர்க்காததன் காரணம் அதுதான்.

சரி, மேற்கே ஒரு தட்டி வைத்து மறைத்துவிடலாம் என்று இன்னொரு துண்டு வலையை மேற்குக் கால்கள் இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக இழுத்துக் கட்டினேன். வைகாசி வரை சொர்க்கம். அந்த மாசங்களில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்று மெதுவானது, வலைக்குள் புகுந்து உடம்பை ஆற்றும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு அதே மேற்கிலிருந்து வேறு காற்று வந்தது.

நம் மாவட்டத்தில் பந்தல் போடுகிறவனுக்கு உள்ள சிக்கலே இதுதான். சாயங்கால வெயில் மேற்கே. ஆனி ஆடிக் காற்றும் மேற்கே. வெயிலுக்கு எதை மறைவாக வைத்தாலும் அது காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதே அந்தக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான். எங்கள் பக்கம் கணவாய் கிடையாது, தடுக்கவும் எதுவும் கிடையாது. கடலில் கிளம்பினால் அடுத்த நிறுத்தம் என் வீட்டு அடுக்களை.

ஆடி இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போலச் சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போனபோது வடமேற்கு மூலையில் வலையின் வளையம் பிய்ந்து, அந்த மூலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிடித்துக் கட்டலாம் என்று கை நீட்டினேன், கம்பி முனை புறங்கையைக் கீறிவிட்டது. உள்ளே வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் வளையங்கள் வரிசையாகப் பிய்ந்திருந்தன. மேற்குக் கால் இரண்டும் கிழக்கே சாய்ந்து, ஒன்று காங்கிரீட் கட்டியோடு மண்ணிலிருந்து பாதி எழும்பி நின்றது. பல் பிடுங்கினால் வேரோடு தெரியுமே, அது மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷம் கடலில் தொழில் செய்தவர், இப்போது திண்ணையில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பதோடு சரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"லே மக்கா, காத்தப் புடிக்கதுக்குத்தான் பாயி. நீ நெழலுக்குப் பாயி கெட்டிருக்க."

"இனி என்ன பெரியப்பா செய்ய?"

"பாயி எறக்கத் தெரியணும். அம்புடுதான்."

அம்புடுதான் என்று அவர் சொன்னதைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாசம் பிடித்தது.

முதலில் கணக்கு. காற்றழுத்தத்துக்குக் கட்டடப் பொறியாளர்கள் வைத்திருக்கும் சூத்திரம் சின்னதுதான்: காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் விசை என்று கிடைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றுக்கு அது சதுர மீட்டருக்கு நாலு கிலோ எடை போல. 60 கிலோமீட்டருக்கு 17 கிலோ. 90-க்கு 38. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். என் முற்றத்தில் படித்தது அன்றைக்குத்தான். பந்தலின் கூரை 16.7 சதுர மீட்டர். 60 கிலோமீட்டர் காற்றுக்கே 280 கிலோவுக்கு மேல் போகிறது, மேற்குத் தட்டியைச் சேர்க்காமலே. என் அஸ்திவாரமோ ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடிக் கட்டி நாலு. ஒரு கன அடிக் காங்கிரீட் 68 கிலோ என்றால் நாலும் சேர்ந்து 272. வலைக்குள் கொஞ்சம் காற்று புகுந்து போனதால் பாதியாவது மிஞ்சியது.

எடையைக் கூட்ட வேண்டும், ஆனால் எங்கள் மண் வெறும் மணல். இரண்டடிக்கு மேல் தோண்டினால் பக்கம் சரிந்து குழி கிண்ணம் போலாகிவிடும். கொத்தனார் ஒரு வழி சொன்னார். பழைய 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் மூன்று வாங்கி, நடுவில் அறுத்து ஆறு துண்டாக்கினோம். குழியில் ஒரு துண்டை இறக்கி, உள்ளே காங்கிரீட் கொட்டினால் மணல் சரியாது. ஒரு துண்டில் 100 லிட்டர் கொள்ளும். அது 240 கிலோ. ஆறு காலுக்கும் சேர்த்து 1440. பீப்பாயின் வாய் தரைமட்டத்துக்கு அரையடி கீழே இருக்கும்படி இறக்கியதால் மேலே மூடிய மணலின் எடையும் சேர்ந்துகொண்டது. காலின் அடிமுனையில் துளை போட்டு ஒரு முழ நீளக் கம்பியைக் குறுக்கே செருகியிருக்கிறோம், பைப் மட்டும் உருவிக்கொண்டு வராமல் இருக்க. சிமென்ட் ஒரு சட்டி, மணல் இரண்டு, முக்கால் அங்குலச் சல்லி நாலு. மணல் விலைக்கு வாங்கியதுதான். பக்கத்தில்தானே கடற்கரை, நாலு சாக்கு அள்ளி வந்தால் என்ன என்று மச்சான் கேட்டான். உப்பு மணலில் கம்பியைப் புதைப்பது காசு கொடுத்துத் துருவை வாங்குவது.

துருவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சாய்ந்த காலை வெட்டிப் பார்த்தபோது, தரையை ஒட்டி நாலு விரல் உயரத்துக்கு இரும்பு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. போட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருந்தது. உப்புக்காற்று மேலிருந்து தின்றதைவிட, மண்ணும் பைப்பும் சேரும் இடத்தில் தேங்கிய ஈரம் தின்றதுதான் அதிகம். இன்னொன்று வெல்டிங் வைத்த மூலைகள். துத்தநாகப் பூச்சு உள்ள பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு வெள்ளைப் புகையாகப் போய்விடும். பிறகு அது வெறும் இரும்பு. அந்தப் புகையை முகம் கொடுத்துக் குடிக்கிறவர்களுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். முதல் பந்தலுக்கு வெல்டிங் வைத்த தம்பிக்கு வந்தது. நான் அதை அவன் மழையில் நனைந்ததன் பலன் என்றே நினைத்திருந்தேன்.

ஆகவே இரண்டாவது பந்தலில் வெல்டிங்கே கிடையாது. இரண்டு அங்குல ஜி.ஐ. உருண்டைப் பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு; பி கிளாஸ் என்கிற நடுத்தரக் கனம். கடையில் பைப்பின் மேல் வண்ணப் பட்டை அடித்திருக்கும்: மஞ்சள் மெலிசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். நீலப் பட்டை பார்த்து எடுத்தேன், 3.6 மில்லிமீட்டர் கனம். பைப்போடு பைப் சேரும் இடமெல்லாம் துருப்பிடிக்காத யு போல்ட். இடையில் பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வேறு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். தரையை ஒட்டிய இடத்துக்கு நாலு அங்குலப் பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டைக் காலில் மாட்டி, உள்ளே சிமென்ட் கலவை நிரப்பி, தரைக்கு மேல் மூன்று அங்குலம் எழுப்பி, மேல்பக்கத்தைக் கொழுக்கட்டை போலச் சரித்துவிட்டோம். தண்ணீர் நிற்க இடமில்லை. இந்த ஆறு கொழுக்கட்டைக்கு ஆன செலவு மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டுத்தான் ஊரில் பாதிப் பந்தல் நிற்கிறது.

வடிவம் மாறியதுதான் பெரிய மாற்றம். தட்டைக் கூரை போய், மேற்கே ஆறடி, கிழக்கே எட்டரை அடி என்று சரிந்த கூரை. மேற்குக் கால் மூன்று, கிழக்குக் கால் மூன்று. முதலில் எல்லாருக்கும் இது தலைகீழாகப் பட்டது. காற்று வரும் பக்கம் உயர்த்தி வைத்தால்தானே உள்ளே காற்று வரும் என்று அம்மாவே கேட்டாள். ஒரு முறத்தைக் கையில் கொடுத்து மேற்கே பார்த்து நிற்கச் சொன்னேன். முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் காற்று அடியில் புகுந்து முறத்தைப் பறிக்கப் பார்த்தது. முன்விளிம்பைத் தாழ்த்தினால் முறம் கையோடு கீழே அழுந்தியது. "இது எனக்குத் தெரியாதா மக்களே, எத்தன வருசமாப் பொடைக்கேன்" என்று முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மேற்குக் கால்களில் கிழக்கு நோக்கி ஒரு சாய்வு முட்டும் போல்ட் போட்டு வைத்தோம்.

தாழ்ந்த மேற்கு விளிம்பால் நிழலும் கைக்குள் வந்தது. நாலு மணிக்கு ஆறடி விளிம்பின் நிழல் தரையில் எட்டரை அடி உள்ளே விழும். உட்கார்ந்திருக்கிறவரின் தலை உயரத்துக்குப் பார்த்தால், விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே போனாலே முகத்தில் வெயில் இல்லை. ஒரே தொல்லை, உயரமானவர்கள் இடித்துக்கொள்வது. மச்சான் இரண்டு தடவை இடித்த பிறகு அந்தப் பைப்பில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். மூன்றாவது தடவையும் இடித்தான். அதற்குப் பந்தல் பொறுப்பல்ல.

இனி வலை. இந்தத் தடவை கூரைக்கு 75 சதவீதம், பட்டை இழை இல்லாமல் உருண்டை நூலில் பின்னியது. பட்டை இழை காற்றில் படபடவென்று தானே அடித்துக்கொண்டு ஓரங்களில் நரம்பு நரம்பாகப் போய்விடுகிறது. வாங்கி வந்த வலையில் வளையம் அடிக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன். பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "ஓட்ட போட்டா ஓட்டையிலதான் கிழியும்."

அவர் செய்து காட்டியதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வலையின் ஓரத்தை நாலு விரல் அகலத்துக்கு இரண்டாக மடித்தார். மடிப்புக்குள் படகில் போடுகிற தடித்த கயிற்றை ஓடவிட்டார். வலை பழுது பார்க்கிற ஊசியில் நைலான் நூலைச் சுற்றி, மடிப்பையும் கயிற்றையும் சேர்த்துக் குத்தி வாங்கி, நூலை அதன் மடக்குக்குள் விட்டு இறுக்கினார். இரண்டு விரல் தள்ளி மறுபடி ஒரு குத்து. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை இரட்டை முடிச்சு. எங்காவது நூல் அறுந்தால் அந்தச் சாண் மட்டும்தான் விடும், மற்றது பிடித்துக்கொள்ளும். ஊசி உள்ளே போகிறபோது அவர் வலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் தைத்தேன். அவர் மூன்று பக்கம் முடித்திருந்தார்.

கயிற்றை எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு பாடம். முதல் பந்தலில் பாத்திரக் கடையில் தொங்குகிற பச்சைக் கயிறு. வெயிலில் ஒரு வருஷம் கிடந்ததும் பிடித்த கையில் பொடியாக உதிர்ந்தது. இப்போது குளச்சலில் தொழில் சாமான் விற்கிற கடையிலிருந்து. விலை இரண்டு மடங்குக்கு மேல். வெயிலையும் உப்பையும் தின்னவே பிறந்த கயிறு அது.

வலையைச் சட்டத்தில் கட்டும் விதம் கயிற்றுக் கட்டிலிலிருந்து வந்தது. கட்டிலில் கால்மாட்டில் மட்டும் தனிக் கயிறு ஓடும். தொய்ந்தால் அதை இழுத்து இறுக்குவோம். அதே போல, பந்தலின் 15 அடியை இரண்டு துண்டு வலையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சட்டத்தைவிடச் சாண் அளவு சின்னதாக வைத்தோம். மேற்கு ஓரமும் பக்கவாட்டும் சட்டத்தோடு நிரந்தரக் கட்டு. கிழக்கே மட்டும் வலையின் ஓரக்கயிற்றுக்கும் பைப்புக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஒரே கயிறு. அதை இழுத்தால் வலை மத்தளம் போல நிற்கும். அதைத்தான் முதலில் அவிழ்க்கவும் வேண்டும். வலை தொய்ந்தால் அடிக்கும், அடித்தால் கிழியும். இறுக்குவதற்கு இரும்புத் திருகு கூடப் போட்டுப் பார்த்தேன், மூன்று மாசத்தில் துருவேறிப் பூட்டிக்கொண்டது. கயிறு பூட்டிக்கொள்வதில்லை. சட்டத்தைச் சுற்றியுள்ள அந்தச் சாண் இடைவெளி வழியாகக் கடும்காற்று பீச்சிக்கொண்டு மேலே போவதையும், காய்ந்த மாவிலை ஒன்று அதில் ஏறிப் பறந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மேற்குத் தட்டிக்கு வலையை விட்டுவிட்டு முடைந்த தென்னோலைக்கு வந்தோம். நாலடிக்கு இரண்டடித் தட்டி, மேற்கு விளிம்பிலிருந்து தொங்கும். அது விளிம்பை ஆறடியிலிருந்து நாலடிக்கு இறக்கிவிடும், நாலு மணி வெயில் தரையில் ஆறடிக்குள்ளேயே நின்றுவிடும். மேலே ஈத்தாமொழித் தும்புக் கயிற்றில் இரட்டை மடிப்பாகக் கட்டு. கீழே மட்டும் ஒற்றைப் புரி, காலோடு சேர்த்து. அந்த ஒற்றைப் புரி வேண்டுமென்றே மெலிசு. காற்று மிஞ்சினால் அது அறுந்து தட்டி மேலே புரண்டு காற்றை விட்டுவிடும், கால் தப்பிக்கும். வைகாசிக் கடைசியில் ஒரு நாள் மூன்று புரி அறுந்தன. மறுபடி கட்ட ஒரு பீடி குடிக்கிற நேரம்.

ஆனி பிறந்ததும் தட்டிகளைக் கழற்றிப் புறவாசலில் அடுக்கிவிடுகிறோம். அந்த மாசங்களில் மேகம் இருக்கும், வெயிலின் கொடுமையும் குறைவு. வலையை இறுக்கியே வைத்திருக்கிறேன்; புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இரண்டு பேர் ஏறி இறக்கிவிடுவோம், இருபது நிமிஷம். போன ஐப்பசியில் ஒரு தடவை இறக்கினோம். புயல் வேறு பக்கம் போய்விட்டது. பெரியவர் அதற்கு என்னைப் பாராட்டவில்லை, "ஊசிய எங்க வச்ச?" என்று மட்டும் கேட்டார்.

ஆடி முடிந்ததும் வலையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கிணற்று நீர் எங்களுக்கு நல்ல நீர் என்பதால் பம்பில் அடித்துக் கழுவுகிறேன், யு போல்ட்டுகளையும் சேர்த்து. இப்போது இரண்டு ஆடி கண்டாயிற்று. ஒரு காலும் அசையவில்லை. வடக்கு வலைத்துண்டின் ஓரத்தில் நான் தைத்த பக்கம் மட்டும் ஒரு சாண் விட்டிருந்தது.

பாக்கி ஒன்று இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், ஜூன் கடைசியில் பதினைந்து பாகை. அப்போது நிழல் இரண்டடி தெற்கே வீட்டுச் சுவர்ப்பக்கம் நகர்ந்து, வடக்கு விளிம்பில் உள்ள துவைகல் மேகம் விலகும்போதெல்லாம் வெயிலில் காய்கிறது. இரண்டடி நீட்டத் தேவையான பைப் வாங்கிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். யு போல்ட் இரண்டு குறைகிறது. அம்மா அந்தப் பைப்பில் கொப்பரைச் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறாள். அதை எடுக்கச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.